இருபத்தேழு பேரும் வந்தாச்சு

மே 4, ஞாயிறு

முதலில் ஒன்றைத் தெளிவாக எழுதிவிடுகிறேன். லோவிசாள் ஆகிய நான் இப்போது இருப்பது தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத். இன்னும் ஆறு நாளில் நிற்கப்போவது இயேசு வளர்ந்த நாசரேத். பின்னாளில் இந்த நோட்டை யாராவது படித்தால் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

எருசலேம் போகிறேன்! எங்கள் கல்லூரி கிறிஸ்தவ மாணவர் ஐக்கியத்திலிருந்து இருபத்தேழு பேர். கூட வருவது போதகர் தேவகடாட்சம் ஐயரும் (எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம்) தமிழ்த்துறை டார்த்தி மிஸ்ஸும். இன்று ஆராதனை முடிந்ததும் சபையார் என்னை முன்னால் நிறுத்தித் தலையில் கைவைத்து ஜெபித்தார்கள். அத்தனை கைகள் விழுந்ததில் பின்னல் அவிழ்ந்துவிட்டது. வெளியே வந்தால் யோர்தான் தண்ணீர் ஒரு பாட்டில், ஒலிவ எண்ணெய் இரண்டு, பெத்லகேம் மண் ஒரு பிடி என்று ஆளாளுக்கு ஒரு உத்தரவு. பெரியப்பா முன்பே போய்வந்தவர். வீட்டு வாசல் பலகையில் பெயருக்குப் பின்னால் ஜெ.பி. என்று எழுதி வைத்திருக்கிறார். ஜெருசலேம் பில்கிரிம், அதாவது எருசலேம் யாத்திரிகர்; போய்வந்தவர்கள் அப்படிப் போட்டுக்கொள்ளலாமாம். நானும் இந்த நோட்டின் அட்டையில் பென்சிலால் எழுதிப் பார்த்தேன். லோவிசாள் ஜெ.பி. எடுப்பாகத்தான் இருக்கிறது.

சாயங்காலம் கெத்சியின் அம்மா மெஞ்ஞானபுரத்திலிருந்து மகளையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். கெத்சியாள் இரண்டு வருடமாக என் ஹாஸ்டல் அறைத்தோழி. தங்கமான பிள்ளை. திக்குவாய்தான் பாவம். வார்த்தை நெஞ்சுவரை வந்து தொண்டையில் மாட்டிக்கொள்ளும். அதனால் அவள் பேசுவதே குறைவு. அவளுக்கும் சேர்த்து நான் பேசிவிடுவேன். கடையில் பரோட்டா சொல்வது, வார்டனிடம் அனுமதி கேட்பது எல்லாம் நான்தான். அவள் இலைக்குச் சால்னா கூடுதலாக ஊற்றச் சொல்வதுகூட நான்தான்.

"லோவி, நீதாம்மா இவளுக்கு வாய்," என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள் அவள் அம்மா. "இவ அப்பா விடவே மாட்டேன்னாவ. நீ கூட போறேன்னு சொன்ன பொறவுதான் சம்மதிச்சாவ. அடுத்த வருசம் மெட்ராசுல போயி பி.எட். படிக்கணும்னு நிக்கா. போன எடத்துல ஏதாச்சும் ஏடாகூடம் ஆச்சுன்னு வையி, அவ்வளவுதான். வாசலத் தாண்ட விடமாட்டாவ."

"ஆன்ட்டி, நீங்க கவலையே படாதீங்க. நான் பாத்துக்கிடுதேன்."

கெத்சி டீ தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கூச்சம்.

மே 6, செவ்வாய்

திருவனந்தபுரம் விமான நிலையம். வாழ்க்கையில் முதல் விமானம்! எழுத்து கோழி கிண்டியதுபோல் வருகிறது. பரவாயில்லை.

ஆட்களைத் தொலைக்காமல் கூட்டிப்போக ஐக்கியத்தின் செயலாளர் ஜெபநேசன் அண்ணன் ஒரு யோசனை கண்டுபிடித்திருக்கிறார். நாங்கள் இருபத்தேழு பேர். புதிய ஏற்பாட்டில் புத்தகங்கள் இருபத்தேழு. ஆளுக்கொரு புத்தகம். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் மத்தேயு, மாற்கு, லூக்கா என்று வரிசையாகக் கத்த வேண்டும். ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த வரிசை, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். எவன் விடுபட்டாலும் பாட்டு அந்த இடத்தில் நொண்டும்.

செல்வினுக்கு யூதா வாய்த்தது. "ஏல, முப்பது வெள்ளிக்காச எங்கல வச்சிருக்க?" என்று எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். "அது யூதாசுல! இது வேற ஆளு, நல்ல ஆளு!" என்று அவன் விமானம் ஏறும்வரை கத்திக்கொண்டே வந்தான்.

கெத்சிக்கு முதலாம் தெசலோனிக்கேயர், பதின்மூன்றாவது. எனக்கு இரண்டாம் தெசலோனிக்கேயர். திக்குவாய்க்காரிக்குக் கிடைத்த புத்தகத்தைப் பாருங்கள்! எனக்கே ஒரு மூச்சில் சொல்ல வராது.

ஒத்திகையில் கொலோசெயர் சொல்லி முடித்ததும் கெத்சி "மு... மு..." என்று நின்றாள். இரண்டு வரிசை தள்ளி இருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. குனிந்துகொண்டு அவள் குரலில் மெல்லிசாக "முதலாம் தெசலோனிக்கேயர்" என்றேன். உடனே நிமிர்ந்து என் குரலில் "இரண்டாம் தெசலோனிக்கேயர்!" ஒருவருக்கும் தெரியவில்லை. வகுப்பில் ஏழு பேருக்கு ஏழு குரலில் வருகை சொல்லிப் பழகியவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

கெத்சி என்னை ஒரு பார்வை பார்த்தாள். நன்றியாகத்தான் இருக்கும்.

மே 7, புதன்

ஜோர்டான் நாட்டில் இருக்கிறோம்! விமானத்தில் நான் கொஞ்சம்கூடப் பயப்படவில்லை. கெத்சியின் கையைப் பிடித்துக்கொண்டது அவள் பயப்படுவாளே என்றுதான்.

நேபோ மலை ஏறினோம். மோசே நின்று கானான் தேசத்தைப் பார்த்த இடம். பார்க்க மட்டும்தான் அவருக்குக் கொடுத்துவைத்திருந்தது. "மோசேக்குக் கிடைக்காத விசா நமக்குக் கிடைச்சிருக்கு பிள்ளைகளா, நன்றியா இருங்க," என்றார் ஐயர். சிரித்துக்கொண்டே சொன்னவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். அப்படி ஒரு காற்று.

ஒவ்வொருவரும் ஒரு இடத்தில் வேத பாகம் வாசிக்க வேண்டும் என்று பயணம் முடிவானபோதே சொல்லியிருந்தார்கள், இன்று இடம் பிரித்தார்கள். நான் கேட்டு வாங்கியது நாசரேத், வேறென்ன? கெத்சி ஒரு துண்டுச் சீட்டில் பெதஸ்தா குளம் என்று எழுதி, தானே போய் ஐயரிடம் நீட்டியிருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எதற்கு வம்பு? சரி, நான் இருக்கிறேன், பார்த்துக்கொள்ளலாம்.

துணி துவைக்கலாம் என்றால் குளியலறையை அவள் விடமாட்டேன் என்கிறாள். குழாயை முழுசாகத் திறந்துவிட்டு அரைமணி நேரம் உள்ளே. முணுமுணுவென்று சத்தம் வேறு. ஜெபம் பண்ணுகிறாள் போல. கதவைத் தட்டினால் சத்தம் நின்றுவிடுகிறது.

மே 8, வியாழன்

எல்லையைத் தாண்ட ஐந்து மணி நேரம். பயணத்தின் நோக்கம் என்ன என்று அந்தப் பெண் அதிகாரி கெத்சியைக் கேட்டாள், நான் பதில் சொன்னேன், "நான் அவளைக் கேட்டேன்" என்றாள் அதிகாரி. சரியான சிடுமூஞ்சி.

மே 9, வெள்ளி

கலிலேயாக் கடல்! கலிலேயாக் கடல்! மூன்றாவது முறையும் எழுதுவேன், என் நோட்டு.

மரப்படகில் ஏறியதும் படகுக்காரர்கள் நம் கொடியை ஏற்றி நம் தேசிய கீதத்தைப் போட்டார்கள். சட்டென்று எல்லாரும் விறைப்பாக நின்றோம். படகு ஆடியதில் ஐயர் டார்த்தி மிஸ்மேல் சாய, மிஸ் செல்வின்மேல் சாய, கீதம் முடியுமுன் சிரிப்பு தாங்கவில்லை. பிறகு பாட்டு, கைத்தட்டு, மறுபடி பாட்டு. தொண்டை கட்டிவிட்டது. பேதுரு நடந்த தண்ணீர் இது. கையை விட்டு அளைந்தேன்.

மதியம் பேதுரு மீன் என்று முழுசாகப் பொரித்துக் கொண்டுவந்து வைத்தார்கள். பார்த்தால் நம் ஊர்க் குளத்து ஜிலேபி கெண்டை! மசாலாவே இல்லை. தூத்துக்குடிப் பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். டார்த்தி மிஸ் பையிலிருந்து எலுமிச்சை ஊறுகாயை எடுத்தார்கள். அற்புதம் என்றால் அதுதான்.

வழிகாட்டி இலியாஸ் பெத்லகேமைச் சேர்ந்த கிறிஸ்தவர். தமிழ்க் கூட்டங்களைக் கூட்டிக்கொண்டு சுற்றியே அவருக்குக் கொஞ்சம் தமிழ் வந்துவிட்டது. "வாங்க வாங்க! சீக்கிரம்! பாத்ரூம் அஞ்சு நிமிசம்!" டிரைவர் அபு சலீம் அதற்கும் மேல். கடைசிப் புத்தகம் வாய்த்த ஜாய்ஸ்லின் "வெளிப்படுத்தின விசேஷம்!" என்று கத்தியவுடன் சாவியைத் திருப்புவார். அதுவரை இஞ்சினைத் தொடமாட்டார். இரண்டே நாளில் பழகிவிட்டார். நானும் தினம் ஐந்தாறு முறை இரண்டு புத்தகமாக இருக்கிறேன். ஒரு தடவைகூடப் பிசகவில்லை.

மே 10, சனி

நாசரேத்திலிருந்து நாசரேத்துக்கு வந்துவிட்டேன். எந்த ஊர் என்று இலியாஸ் கேட்டார். நாசரேத் என்றேன். இது இருக்கட்டும், உன் ஊர் எது என்றார். நாசரேத் என்றேன். ஆதார் அட்டையைக் காட்டியபிறகுதான் நம்பினார். பஸ் முழுக்க அதிர்ந்தது.

என் வாசிப்பு பிரமாதம். ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. ஐயர் தலையாட்டினார். ஜெபநேசன் அண்ணன் வீடியோ எடுத்தார், அம்மாவுக்கு அனுப்பிவிட்டேன்.

திரும்பி நடக்கும்போது கெத்சி என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். "பெ... பெதஸ்தாவுல நீ... நீ வந்து..." என்று ஆரம்பித்தாள்.

"தெரியும்ட்டி. நான் பாத்துக்கிடுதேன். நீ தைரியமா இரு," என்றேன்.

துப்பட்டாவை விட்டுவிட்டாள்.

மே 11, ஞாயிறு

யோர்தானில் இறங்கினோம். முட்டளவு தண்ணீரில் நின்று ஞானஸ்நான உடன்படிக்கையைப் புதுப்பித்தோம். தண்ணீர் பச்சையாக, மீன்கள் காலைக் கடித்தன. ஏழு பாட்டில் பிடித்தேன். அதில் ஒன்று ஒழுகிப் பையில் இருந்த இரண்டு சுடிதாரும் ஞானஸ்நானம் பெற்றுவிட்டன. ஹோட்டலில் தலை காயவைக்கும் கருவியால் துணியை உலர்த்திக்கொண்டிருக்கிறேன். கெத்சி குளியலறையில். குழாய் ஓடுகிறது.

மே 12, திங்கள்

பெத்லகேம். இயேசு பிறந்த இடத்து ஆலயத்தின் குட்டி வாசலில் குனிந்து நுழைந்தேன். எழுதவே தெரியவில்லை, அழுதேன், அவ்வளவுதான்.

மே 13, செவ்வாய், பகல்

எருசலேம்! கல்லறை ஆலயத்தை ஒட்டிய சந்தில் உட்கார்ந்து ஃபலாஃபெல் தின்றுகொண்டே எழுதுகிறேன். நம் பருப்பு வடைக்குத் தூரத்துச் சொந்தம்.

காலையில் சிங்க வாசலில் பஸ்ஸை விட்டு இறங்கினோம். வாசலுக்குள் நுழைந்தவுடன் வலப்பக்கம் அன்னாள் ஆலயம். அதற்குள் பாடினால் குரல் மேலே போய்ச் சுற்றி, நாம் நிறுத்திய பிறகும் நாலைந்து விநாடி கழித்துத்தான் இறங்கி வருகிறது. எங்கள் பாட்டைக் கேட்டு எங்களுக்கே புல்லரித்தது. பெதஸ்தா குளம் அதை ஒட்டித்தான். இப்போது குளம் என்று சொல்ல முடியாது. இடிந்த கல்லும் ஆழக் குழியும் அடியில் கொஞ்சம் தண்ணீரும்.

ஐயர் கெத்சியைக் கூப்பிட்டார். அவள் வேதாகமத்தைத் திறந்தாள். முதல் எழுத்திலேயே நின்றுவிட்டது. கழுத்து நரம்பு புடைக்கிறது, உதடு துடிக்கிறது, வார்த்தை வரவில்லை. எங்களுக்குப் பின்னால் கொரியாக்காரர்கள் இருபது பேர் இடத்துக்குக் காத்து நிற்கிறார்கள். ஐயர் கடிகாரத்தைப் பார்க்கிறார். யாரோ இருமினார்கள். பத்து விநாடி இருக்கும், எனக்குப் பத்து வருடம். நைசாகப் போய் அவள் கையிலிருந்து வேதாகமத்தை வாங்கி நான் வாசித்தேன்.

முப்பத்தெட்டு வருடம் வியாதியாய்க் கிடந்த மனிதனின் கதை. தண்ணீர் கலங்கும்போது யார் முதலில் இறங்குகிறார்களோ அவர்களுக்குச் சுகம். இவன் நகர்ந்து போவதற்குள் வேறொருவன் முந்திக்கொண்டு இறங்கிவிடுகிறான் என்று இயேசுவிடம் முறையிடுகிறான். அந்த ஆதங்கத்தை நான் குரலில் அப்படியே கொண்டுவந்தேன். டார்த்தி மிஸ்கூடக் கண்ணைத் துடைத்தார்கள்.

கெத்சி கையை நீட்டி வேதாகமத்தை வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு என்னோடு நடக்கவில்லை. கடைசியில் தனியாக வந்தாள். சாப்பிடவும் தூரமாய் உட்கார்ந்திருக்கிறாள். நல்லதுக்குக் காலமில்லை. போகட்டும். மூன்று மணிக்கு இதே வழியாகச் சிங்க வாசலுக்குத் திரும்பி நடந்து பஸ் ஏற வேண்டும். எரிகோ, பிறகு சவக்கடல்! நான் மிதக்கப்போகிறேன்!

மே 13, மாலை

எரிகோ போனோம். திரும்பிவிட்டோம். எழுத ஒன்றுமில்லை.

மே 14, புதன், விடியற்காலை

பொய். எழுத இருக்கிறது.

நேற்று மூன்று மணிக்குப் பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. கோபத்தில் கடைசி வரிசைக்குப் போய்விட்டாள் என்று நினைத்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. முறைத்துக்கொண்டவள் அவள், நான் ஏன் பார்க்க வேண்டும்? எண்ணிக்கை ஆரம்பித்தது. கொலோசெயர் வந்தது. தலை தானாகக் குனிய, வாய் மெல்லிசாக "முதலாம் தெசலோனிக்கேயர்" என்றது. பிறகு "இரண்டாம்". ஜாய்ஸ்லின் கத்தினாள். அபு சலீம் சாவியைத் திருப்பினார்.

எரிகோவில் சகேயு ஏறினது மாதிரியான காட்டத்தி மரம் ஒன்றைக் காட்டினார்கள். மரத்தடியில் எல்லாரையும் நிறுத்திப் படம் எடுக்கும்போது ஜெபநேசன் அண்ணன் தலைகளை எண்ணினார். இருபத்தாறு. மறுபடி எண்ணினார். "ஏ பிள்ளைகளா, யாரு இல்ல?"

நான் பஸ்ஸுக்கு ஓடிக் கடைசி வரிசையைப் பார்த்தேன், காலி.

ஐயர் முகம் வெளிறிவிட்டது. "ஆண்டவரே, ஊரான் வீட்டுப் பொம்பளப் பிள்ள," என்று மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டார். கெத்சியிடம் இந்த ஊர் சிம் கிடையாது. கழுத்து அட்டையில் இலியாஸின் எண் மட்டும் இருக்கிறது. ஆனால் அவள் போனில் பேசுவாளா? கடைக்காரனிடம் தண்ணீர்கூடக் கேட்டதில்லையே. நான் கேட்க விட்டதில்லையே.

அப்போது இலியாஸின் போன் அடித்தது. தெரியாத எண். எடுத்துக் காதில் வைத்தவர் பேசாமல் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். எங்களைக் கையமர்த்தினார். பிறகு சொன்னார், முதலில் வெறும் மூச்சுச் சத்தம்தான் கேட்டதாம். தொடர்பு சரியில்லை என்று வைக்கப்போனாராம், என்னவோ வைக்கவில்லையாம். ஒரு நிமிடத்துக்கு மேலே ஆனபிறகு ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் ஒவ்வொரு வார்த்தையாக, நான் கெத்சியாள், நான் அன்னாள் ஆலயத்தில் இருக்கிறேன், எனக்கு ஒன்றுமில்லை என்று சொன்னதாம்.

பஸ் திரும்பியது. சவக்கடல் போயிற்று. வழியெல்லாம் பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். ஆலய வாசற்படியில் ஒரு கன்னியாஸ்திரீ பக்கத்தில் கெத்சி உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் ஒரு பூனை.

ஐயர் முதலில் அவள் தலையைத் தடவினார். பிறகுதான் கோபம் வந்தது. "எண்ணும்போது பதின்மூணாவது சத்தம் என் காதுல விழுந்துச்சேம்மா! பேரச் சொல்லிட்டு இறங்கிட்டியா? வெளையாட்டா இது? ஏதாச்சும் ஆயிருந்தா உங்க அப்பாவுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

கெத்சி என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவை. பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"நாளைக்குக் காலையில உங்க அப்பாவுக்குப் போன் போடுதேன். என்னால மறைக்க முடியாது," என்றார் ஐயர்.

பிறந்ததிலிருந்து மூடாத என் வாய் அப்போது மூடிக்கொண்டது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

அறைக்கு வந்ததும் கெத்சி பேசினாள். அவள் திக்கியதை எல்லாம் எழுத்தில் கொண்டுவர எனக்கு மனமில்லை. சொல்லி முடிக்க வெகுநேரம் ஆனது, நான் நடுவில் புகவில்லை என்று மட்டும் குறித்துக்கொள்கிறேன். இரண்டு முறை புகப்பார்த்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டாள்.

"திரும்பி வரும்போது கோயில் தொறந்திருந்துச்சு. என் பாகத்த வாசிச்சிட்டு ஓடி வந்திரலாம்னு நுழைஞ்சேன். மூணு மாசமாப் பழகுனதுட்டி அது. பாத்ரூம்ல பைப்பத் தொறந்துவிட்டுக்கிட்டு. சீக்கிரம் வராது, ஆனா வரும். காலையிலயும் வந்திருக்கும்."

"வாசிச்சியா?"

"முழுசும்."

"யாரு கேட்டா?"

"அந்த மதரு. அந்தப் பூனை. அவங்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனா கடைசி வரைக்கும் உக்காந்திருந்தாங்க."

"பஸ் போயிருமேன்னு பயம் இல்லியா ஒனக்கு?"

"எப்படிப் போகும்? எண்ணுவாங்கல்லா. பதின்மூணு வராது. நான் பக்கத்துல இல்லன்னா நீ சொல்லமாட்ட, பஸ் கெளம்பாதுன்னு நெனச்சேன்." கழுத்து அட்டையைக் கழற்றி வைத்தாள். "நீ சொல்லிட்டா, நான் இல்லாட்டாலும் இருக்கேன்னு ஆயிருது லோவி."

நான் அழுதேன். அவள் அழவில்லை. தலையணை உறையால் என் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

"ஐயாகிட்ட ஏன் சொல்லல? நான்தான்னு காட்டிக் குடுத்திருக்கலாம்லா?"

"அதயும் நானே சொல்லணுமா?" என்றாள். பிறகு, "இன்னொண்ணு. எனக்குச் சால்னா பிடிக்காது."

இரண்டு வருடம்! எத்தனை பரோட்டா!

மே 14, புதன், மதியம்

ஒலிவ மலையில் ஒரு மரத்தடியில் இருந்து எழுதுகிறேன். எருசலேம் முழுக்கக் கீழே தெரிகிறது. மறக்குமுன் எழுத வேண்டும்.

காலை ஏழரைக்கு எல்லாரும் பஸ்ஸில் ஏறியாகிவிட்டது. ஐயர் முன் இருக்கையில் போனைக் கையில் வைத்துக் கெத்சியின் அப்பா எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார். நான் எழுந்து போய் ஜெபநேசன் அண்ணன் கையிலிருந்து மைக்கை வாங்கினேன். மைக் என்றால் எனக்குச் சர்க்கரைக்கட்டி. இன்று அது கையில் வழுக்கியது.

"நேத்து பதின்மூணாவது சத்தம் போட்டது கெத்சி இல்ல. நான். அவ பஸ்சுல இருந்தாளா இல்லியான்னுகூட நான் பாக்கல. திருவனந்தபுரத்துல இருந்து தெனமும் நான்தான் போட்டுக்கிட்டிருக்கேன். அவ என்னை ஒருநாளும் கேக்கல. பெதஸ்தாவுலயும் கேக்கல. நேத்து அவள நீங்க ஏசும்போது நான் வாயத் தொறக்கல. மன்னிச்சிருங்க."

மைக்கை அண்ணனிடம் திருப்பிக் கொடுத்தேன். பிறகு பின்னாலிருந்து செல்வின், "எனக்கு யூதான்னு பேரு வச்சதுக்கு இவளுக்கு வச்சிருக்கலாம்," என்றான். யாரும் சிரிக்கவில்லை. எனக்கு அது வேண்டியதுதான்.

ஐயர் என் பக்கம் திரும்பினார். ஏசுவார் என்று நின்றேன். "நான் மட்டும் என்ன யோக்கியம்?" என்றார். "இத்தன வருசம் ஊழியம் பண்ணி, ஆள எண்ணாம சத்தத்த எண்ணிக்கிட்டு இருந்திருக்கேன். நீ உக்காரும்மா. ஒன்கிட்ட பொறவு பேசுதேன்." பிறகு போனைக் கெத்சி பக்கம் நீட்டினார். "அப்பாகிட்ட நடந்ததச் சொல்லணும். நான் சொல்லட்டுமா, நீ சொல்லுதியா?"

கெத்சி தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். போனை வாங்கிக்கொண்டு பஸ்ஸைவிட்டு இறங்கினாள். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவள் வாய் அசைவதைவிட நிற்கும் நேரம்தான் அதிகம். ஒருவேளை அவள் அப்பாவும் இத்தனை நேரம் அவளைப் பேசவிட்டுக் கேட்டதே இல்லையோ என்னவோ. கால்மணி நேரம் கழித்து ஏறினாள். முகம் சிவந்திருந்தது. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"என்னட்டி சொன்னாவ?"

"மொ... மொதல்ல கத்துனாவ," என்றாள். "பொறவு, நீயா... நீயா இவ்வளவு நேரம் பேசுதேன்னு கேட்டாவ. வந்து மெட்ராசப் பத்திப் பேசுவோம்னாவ."

ஜெபநேசன் அண்ணன் எண்ணிக்கையை ஆரம்பித்தார். இன்று அவர் முன்னால் நிற்கவில்லை. ஒவ்வொரு இருக்கையாக வந்து முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். மத்தேயு. மாற்கு. லூக்கா. யோவான். எபேசியர், பிலிப்பியர், கொலோசெயர்.

நின்றது.

கெத்சி முன் இருக்கையின் கம்பியைப் பிடித்தாள். "மு..." என்றாள். கழுத்து நரம்பு புடைத்தது. நான் துப்பட்டாவைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டேன், சத்தியமாக. அபு சலீம் சாவியில் கைவைத்தபடி கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடித்தது. அவர் கையை வெளியே நீட்டிப் பொறு என்று காட்டினார்.

"மு... முத... முதலாம்..." மூச்சு வாங்கினாள். "தெ... தெ..."

ஒருவரும் இருமவில்லை. ஐயர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"தெசலோ... னி... க்கேயர்."

வந்துவிட்டது! அவள் குரல்! நான் ஒரு வாரமாக மெல்லிசாகப் பண்ணிக்கொண்டிருந்தேனே, அந்தக் குரல் அவளுடையதே இல்லை. அவளுடையது கனமான குரல்.

இரண்டு பேர் கைதட்ட ஆரம்பித்தார்கள். "ஏ, கை தட்டாதீங்க," என்று அதட்டினார்கள் டார்த்தி மிஸ். "வருகை சொன்னதுக்கு யாராச்சும் கை தட்டுவாங்களா? அடுத்து!"

அடுத்து நான்.

வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டு நிற்கிறது. அழுகையா சிரிப்பா தெரியவில்லை. "இ..." என்றேன். மறுபடி "இ..." என்றேன். பஸ் முழுக்க என்னைப் பார்க்கிறது. எப்படி இருக்கும் என்று இப்போதுதான் தெரிந்தது.

கெத்சியைப் பார்த்தேன். அவள் நினைத்தால் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, எந்த அவசரமும் இல்லாமல் என் வாயைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"இரண்டாம் தெசலோனிக்கேயர்," என்றேன் ஒருவழியாக.

தீமோத்தேயு இரண்டும் வந்தது, தீத்து வந்தது, செல்வின் யூதா என்றான், ஜாய்ஸ்லின் கத்தினாள். "இருபத்தேழு பேரும் வந்தாச்சு," என்றார் ஜெபநேசன் அண்ணன். அபு சலீம் சாவியைத் திருப்பினார்.